மாணவர் எண்ணிக்கை: ஒன்று

தும்மக் கூடாது. இப்போது தும்மினால் அவ்வளவுதான். சகாதேவன் சார் சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவார். ஜன்னலைச் சாத்துவார். பக்கத்து அறையிலிருந்து கஸ்தூரி மேடம் விக்ஸ் டப்பாவோடு வருவார். அதற்குப் பிறகு துறைத் தலைவர் வருவார். அவர் வந்துவிட்டால் இன்றைக்கு வகுப்பு இல்லை. மதியத்துக்குள் விஷயம் பிரின்ஸிபால் வரை போய்விடும். வேண்டாம். மூக்கை இப்படியே இறுக்கிப் பிடித்தால் அடங்கிவிடும். அடங்கிவிடும். அடங்கி...

உண்ணாமலை தும்மினாள்.

"சளியாம்மா?" என்றார் சகாதேவன், சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு.

"இல்லீங்க சார். சாக்பீஸ் தூளுங்க."

"தூளா? அப்ப போர்டுல எழுதல. வாயாலயே சொல்லிடறேன்." ஜன்னலைச் சாத்தினார். பக்கத்து அறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

தத்துவத் துறையில் ஆசிரியர்கள் மூன்று பேர். துறைத் தலைவர் தசரதன் இந்திய தத்துவம் எடுத்தார். சகாதேவன் தர்க்கம் எடுத்தார். கஸ்தூரி மேடம் அறவியல் எடுத்தார். மாணவி ஒருத்தி. பி.ஏ. மூன்றாம் வருடம். முதல் வருடத்திலும் இரண்டாம் வருடத்திலும் யாரும் கிடையாது. அந்த எழுபத்தொன்பதாம் வருடத்தில் தத்துவத் துறை என்றால் கீழ்பென்னாத்தூர் முருகையன் மகள் உண்ணாமலைதான்.

கல்லூரி ஊருக்கு வெளியே இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஏழு அறைகள், ஒரு கொடிக்கம்பம், எந்த ஜன்னலைத் திறந்தாலும் மலை. பல்கலைக்கழகம் மெட்ராஸில் இருந்தது. அதன்கீழ் எத்தனையோ கல்லூரிகள். அங்கிருந்து பழுப்பு உறையில் வரும் கடிதங்களைப் பிரின்ஸிபால் ராமகிருஷ்ணன் எழுந்து நின்றுதான் வாங்குவார்.

தத்துவத் துறையைத் தொடங்கியபோது நிர்வாகத்துக்கு ஒரு யோசனை இருந்தது. ஜெர்மனியிலிருந்தெல்லாம் தத்துவம் தேடி இந்த ஊருக்கு வருகிறார்கள். ஆசிரமத்துப் பக்கம் வாடகைக்கு அறை கிடைப்பதில்லை. உள்ளூர்ப் பிள்ளைகள் வரமாட்டார்களா? உள்ளூர்ப் பிள்ளைகள் பி.காம். சேர்ந்தார்கள். மலையைப் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு பேங்க் வேலையைத்தான் இன்னும் பார்க்க வாய்க்கவில்லை.

உண்ணாமலையைச் சேர்க்க அவள் அப்பா வந்தார். முருகையனுக்கு எதிலும் ஒரே கொள்கைதான். பஸ் ஸ்டாண்டில் எந்த பஸ் காலியாக இருக்கிறதோ அதில் ஏறுவார். அது சுற்றிக்கொண்டு போனாலும் பரவாயில்லை. ஆபீஸ் ஜன்னலில் குனிந்து கேட்டார்.

"இன்னா சார், எந்தக் கிளாஸ்ல கும்பல் கம்மி?"

"ஃபிலாசபிங்க. அஞ்சே பேரு."

"அதுலயே போட்டுடுங்க. பொம்பளப் புள்ள, எடம் கெடைச்சுக் குந்திக்கட்டும்."

அவளோடு சேர்த்து ஆறு பேரில் ஒருவன் முதல் மாதமே பி.காமுக்கு மாறினான். இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் ஆயிற்று. ஒருவனுக்குப் போலீஸில் வேலை கிடைத்தது. ராமதாஸ் என்பவன் பாடத்தில் மனம் தோய்ந்து, தியானம் செய்யப்போவதாக எழுதி வைத்துவிட்டு மலைமேல் ஏறினான். பத்து நாளில் இறங்கி வந்து மாமாவின் சைக்கிள் கடையில் உட்கார்ந்துகொண்டான். இரண்டாம் வருடத்தின் நடுவில் உண்ணாமலை சுற்றிப் பார்த்தபோது பெஞ்சுகள் எல்லாம் அவளுக்கே கிடைத்திருந்தன.

தசரதன் பழக்கத்தை விடவில்லை. தினமும் பதிவேட்டைத் திறந்து, "ரோல் நம்பர் நாலு" என்று கூப்பிடுவார். அவள் எழுந்து, "ப்ரசன்ட் சார்" என்பாள். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்துச் சரிபார்த்துக்கொள்வார். சகாதேவன் பாடத்தின் நடுவில், "யாராவது சொல்லுங்க பார்க்கலாம்" என்று காலி பெஞ்சுகளையெல்லாம் ஒரு சுற்றுப் பார்ப்பார். கடைசியில்தான் அவளிடம் வருவார். அந்தச் சில விநாடிகள் அவளும் யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்று காத்திருப்பாள்.

கொட்டாவி விட முடியாது. ஜன்னலுக்கு வெளியே பார்க்க முடியாது. "புரியுதா?" என்று கேட்டால் புரிந்தாக வேண்டும், தலையாட்டுவதற்கு வேறு தலை இல்லை. கோவிலுக்குப் போனால் சந்நிதியில் தசரதன் நிற்பார். "என்னாம்மா, நாளைக்கு வருவ இல்ல?" என்பார், தீபாராதனையைப் பார்த்தபடியே.

ஆனாலும் இதை அவள் விரும்பினாள். அப்படி ஒப்புக்கொள்ள அவளுக்கே நாளாயிற்று. வீட்டில் அவள் நாலாவது பெண். அவளுக்குக் கீழே இன்னும் மூன்று. ஒரு தடவை கார்த்திகை தீபத்துக்கு இந்த ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது அவளைப் பஸ் ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கீழ்பென்னாத்தூரில் இறங்கி, வீட்டுக்கு நடந்து, சாப்பாடு பரிமாறி, ஒரு தட்டு மீந்த பிறகுதான் அம்மா எல்லம்மாளுக்கு யார் இல்லை என்ற கேள்வியே வந்தது. அப்படிப்பட்டவள் இங்கே தும்மினால் மூன்று பட்டதாரிகள் ஓடி வருகிறார்கள். கண்ணாடியில் தலை வாரும்போது அவளுக்கு அவளே கொஞ்சம் முக்கியமானவளாகத் தெரிந்தாள். அதில் வெட்கமும் இருந்தது. வெட்கத்தோடு சேர்த்தே அதைப் பிடித்திருந்தது.

பெண்கள் விடுதி ஒரு வாடகை வீடு. பதினோரு பேர். முன்னறையில் கஸ்தூரி மேடம், வார்டனாக. அறைத் தோழி வள்ளி பி.காம். படித்தாள். அவள் வகுப்பில் அறுபத்திரண்டு பேர். மதியக் காட்சிக்குப் போய்விட்டு வந்தாலும் வள்ளிக்காக எவளாவது குரல் கொடுத்திருப்பாள்.

"ஏய் டிபார்ட்மென்ட்டு, படத்துக்கு வர்றியாடி?"

"நாளைக்கு லாஜிக் டெஸ்டுடி."

"ஆமாமா. நீ வந்துட்டா டெஸ்டே வந்துடும் உன் கூட. குந்து." பிறகு சாப்பாட்டு வேளையில், "அந்த முட்டைய டிபார்ட்மென்ட்டுக்கு வைங்கக்கா. அதுக்கு எதனா ஆச்சுன்னா மூணு குடும்பம் தெருவுல நிக்கும்" என்பாள்.

இடையில் நாலு நாள் வகுப்பில் இரண்டு பேர் ஆனார்கள். ஆசிரமத்தில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து கடைசி பெஞ்சில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். தசரதன் முகம் பூரித்துப்போயிற்று. பதிவேட்டில் பென்சிலால் ஒரு வரி போட்டார். சகாதேவன் ஆங்கிலத்தில் தர்க்கம் எடுத்தார். உண்ணாமலைக்கு அந்த நாலு நாளும் ஒன்றும் புரியவில்லை, சந்தோஷமாக இருந்தது. ஐந்தாம் நாள் அம்மாள் வரவில்லை. கடைத்தெருவில் தசரதன் காரணம் கேட்டாராம். இங்கே பேச்சு அதிகம் என்றாளாம்.

அந்த டிசம்பரில் துறை கல்விச் சுற்றுலா போயிற்று. ஆசிரியர்கள் மூன்று பேர், மாணவி ஒருத்தி, மெட்ராஸ் பஸ்ஸில் முன்னும் பின்னும். பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. வகுப்பு ஒன்றில் அவளை உட்கார அனுமதித்தார்கள். நாற்பது பேர் இருந்தார்கள். அவள் ஒரு தூணுக்குப் பின்னால் இடம் பிடித்தாள். பேராசிரியர் வந்தார், பேசினார், போனார். அவளை யாரும் பார்க்கவில்லை, பெயர் கேட்கவில்லை, புரிகிறதா என்று கேட்கவில்லை. பாதியில் அவளுக்கு ஒரு கொட்டாவி வந்தது. பழக்கத்தில் அடக்கப்போனாள். பிறகு யோசித்து, வாயை முழுக்கத் திறந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை விட்டாள். உலகம் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு பாடத்தைக் கேட்கத் தொடங்கினாள். தனக்கு இந்தப் பாடம் பிடிக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. யாருக்காகவும் இல்லாமல் ஒன்று புரிந்தது அதுவே முதல் தடவை.

திரும்பும்போது அவள் பையில் எம்.ஏ. விண்ணப்பப் படிவம் இருந்தது.

அப்பாவிடம் கேட்டாள். முருகையன் கடலைக்கொடி பிடுங்கிய மண்ணோடு கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். "முதல் தடவையிலேயே பாஸானா போய்ப் படி. நான் குறுக்க நிக்கல. ஃபெயிலானா உங்க மாமன் மவன் கண்ணாயிரம் இருக்கறான். வேற பேச்சு கெடையாது."

கண்ணாயிரத்திடம் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கடலை உடைக்கும் மெஷின் வைத்திருந்தான். அந்தச் சத்தத்தில் பல வருடம் நின்றதால் வீட்டிலும் கத்தித்தான் பேசுவான். "நல்லா இருக்கியா?" என்று அவன் கேட்டால் அடுத்த தெருவில் ஆடு எழுந்து நிற்கும்.

பாஸாவதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. மூன்று பேர் ஒன்றரை வருடமாக வேறு வேலை இல்லாமல் ஒருத்திக்கே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவள் நினைத்தாலும் ஃபெயிலாக முடியாது என்று வள்ளி சொல்வாள்.

பிப்ரவரியில் நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தது. இரண்டு வருடமாக யாரும் சேராததால், இப்போதுள்ள மாணவி படிப்பை முடித்ததும் துறை மூடப்படும். ஆசிரியர்கள் அத்துடன் விடுவிக்கப்படுவார்கள்.

ஒரு வாரம் வகுப்புகள் வழக்கம்போல நடந்தன. பிறகு ஒரு நாள் தசரதன் மற்ற இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டு வகுப்புக்கு வந்தார். கையில் கல்லூரி விதிப்புத்தகம். அதை அவர் ஒரு வாரமாகப் பாஷ்யம் எழுதுகிறவர் மாதிரி படித்திருந்தார். ஓரங்களில் எல்லாம் சிவப்பு மையில் குறிப்பு.

"விதி பதினேழு. கேளும்மா. ஒரு பிரிவில் சேர்ந்த மாணவர் எவரேனும் பாடத்தை நிறைவு செய்யாதிருக்கும் காலத்தில் அப்பிரிவை மூடுதல் கூடாது." கண்ணாடியைக் கழற்றினார். "நிறைவு செய்யாதிருக்கும் காலத்தில். அதான் இங்க முக்கியம். புரியுதா?"

அவள் தலையாட்டினாள்.

"ஒரு மாணவர் பாக்கி இருந்தா துறை இருக்கும்" என்றார் சகாதேவன். போர்டில் எழுதத் திரும்பினவர், தூள் ஞாபகம் வந்து கையைக் கீழே போட்டார். "உண்ணாமலை பாக்கி இருப்பா. ஆகவே துறை இருக்கும். இதுல குத்தம் கண்டுபிடிக்க முடியாது சார்."

குற்றம் கண்டுபிடிக்க முடியாதுதான், நடுவாக்கியத்தில் ஒரு பெண் இருக்கிறாள் என்பதைத் தவிர, என்று உண்ணாமலை நினைத்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு பேப்பர்" என்றார் தசரதன். "மத்ததெல்லாம் நீ ஃபர்ஸ்ட் க்ளாஸ் வாங்கலாம், நாங்க தடுக்கல. ஒண்ணு மட்டும் விட்டுடு. ஒரு வருஷம் டயம் கெடைச்சா போதும், நான் ஊர் ஊரா போயி பத்து பேரைச் சேத்துடுவேன்."

எந்தப் பேப்பர் என்பதில் தகராறு வந்தது.

"இந்திய தத்துவம் வேணாம்" என்றார் தசரதனே. "இந்த மலைக்குக் கீழ ஒக்காந்துக்கினு அதுல ஒருத்தர் ஃபெயில்னா நான் எப்படி வெளிய தலை காட்றது? போன வருஷம் என் பேப்பர்ல நூத்துக்கு நூறு பாஸ்."

"எனக்கும் நூத்துக்கு நூறுதான் சார். இவ விட்டான்னா ஒரேயடியா சைபருக்கு வந்துடும்" என்றார் சகாதேவன். "லாஜிக்ல இவ தொண்ணூறு வாங்கற பொண்ணு. வேற வேலையா செஞ்சேன் மூணு வருஷமா?"

"சீனியாரிட்டி பாருங்க சகாதேவன்."

"அதுக்காக எல்லா கஷ்டமும் ஜூனியருக்கா சார்?"

கஸ்தூரி மேடம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னோடதுலயே ஆகட்டும் சார்" என்றார்.

அறவியல். அதில் ஏதோ உறுத்துகிறது என்று மூன்று பேருக்குமே தோன்றியிருக்க வேண்டும். யாரும் அதைச் சொல்லவில்லை.

"என்னாம்மா சொல்ற?" என்றார் தசரதன்.

அவள் மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "சரிங்க சார்" என்று வந்தது.

அந்தச் சொல் அவளைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. யாராவது முகத்தைப் பார்த்து எதையாவது கேட்டால் முழங்காலில் தட்டியதுபோல் துள்ளி வந்துவிடும். விடுதிக்கு வந்து சொன்னபோது வள்ளி தலையில் அடித்துக்கொண்டாள்.

"போயி மாட்டேன்னு சொல்லுடி. எங்க, என்கிட்ட சொல்லு பாக்கலாம். நான்தான் தசரதன் சாரு. ஒரே ஒரு பேப்பரும்மா..."

"மாட்டேன்."

"பாரு, வருது. இப்ப நான் கஸ்தூரி மேடம்." வள்ளி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தலையைச் சாய்த்தாள். "ஒரு வருஷம்தானேம்மா?"

"சரிங்க மேடம்" என்றாள் உண்ணாமலை.

"வெளங்கிடும். கண்ணாயிரம் வூட்ல போயி கத்திக் கத்திப் பேசு."

மறுநாள் எப்படியோ பாதியைச் சொல்லிவிட்டாள். "மேடம், ஃபெயிலானா கல்யாணம்னு அப்பா சொல்லிட்டாருங்க." துறை மறுபடி கூடியது. தசரதனுக்கு இது ஒரு சிக்கலாகவே படவில்லை. தானே கீழ்பென்னாத்தூருக்கு வந்து முருகையனிடம் பேசுவதாகச் சொன்னார். "இவ ஃபெயிலானது இவ தப்பில்ல, எங்க தப்புன்னு துறை சீலோட எழுதிக் குடுத்துடறேன். வேற என்னா வேணும்?" அப்பா அந்தக் காகிதத்தை வாங்கி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேரே மாமன் வீட்டுக்குப் போவதை உண்ணாமலை கண்முன்னால் பார்த்தாள்.

படிப்பதற்காக விட்ட லீவில் ஒரு சாயங்காலம் கஸ்தூரி மேடம் ஹார்லிக்ஸ் கலந்துகொண்டு அறைக்கு வந்தார். வள்ளி வெளியே போயிருந்தாள். மேடம் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். முப்பத்தெட்டு வயது. ஆரணியில் அண்ணன் குடும்பம்.

"நான் உன்ன வற்புறுத்தலம்மா."

"இல்லீங்க மேடம்."

"சகாதேவன் சின்ன வயசு, எங்கனா போயிடுவாரு. தசரதன் சாருக்கு நெலம் இருக்குது." அவர் தம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். "எங்க அண்ணி நல்லவங்கதான். ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆனா அங்க நான் சாத்திக்கறதுக்கு ஒரு கதவு கெடையாது. இங்க முன்னறையில தாழ்ப்பாள் போட்டுட்டு ஒக்காந்தா, மணி அடிக்கற வரைக்கும் யாரும் தட்ட மாட்டாங்க. பன்னெண்டு வருஷமா பழகிடுச்சு."

உண்ணாமலை ஹார்லிக்ஸைக் குடித்தாள். சர்க்கரை அதிகம். மேடம் சொன்ன கதவு அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. மெட்ராஸில் ஒரு தூணுக்குப் பின்னால் அவளும் அதைத்தான் பார்த்துவிட்டு வந்திருந்தாள். இரண்டு பேருக்கும் வேண்டியது ஒன்றுதான், ஆனால் ஒருத்திக்குத்தான் கிடைக்கும். இதை எப்படிச் சொல்வது? சொன்னால் மேடம் அழுவார். மேடம் அழுதால் இவள் சரிங்க என்பாள்.

"ஒரே வருஷம்மா" என்றார் மேடம்.

"சர்க்கரை ஜாஸ்திங்க மேடம்" என்றாள் உண்ணாமலை. அவளால் முடிந்த மறுப்பு அவ்வளவுதான். மேடத்துக்கு அது புரியவில்லை. மறுநாள் சர்க்கரையைக் குறைத்துக் கொண்டுவந்தார்.

ஏப்ரலில் பரீட்சை. மற்ற பேப்பர்களை அவள் ஒழுங்காக எழுதினாள். ஒவ்வொன்றும் முடிந்து வெளியே வரும்போது சகாதேவனும் தசரதனும் வாசலில் நின்று, "எல்லாம் எழுதினியா?" என்று பதறிப்போய்க் கேட்டார்கள். ஆம் என்றால் முகம் மலர்ந்தது. கடைசி நாள்தான் அறவியல். அன்றைக்கு வாசலில் யாரும் இல்லை.

பெரிய அறையில் பி.காம். பிள்ளைகள் அறுபது பேருக்கு நடுவில் அவளுக்கு இடம். மெட்ராஸிலிருந்து அரக்கு வைத்து வந்திருந்த உறையைப் பிரின்ஸிபால் எல்லார் முன்னாலும் பிரித்தார். உள்ளே ஒரே ஒரு கேள்வித்தாள் இருந்தது. அந்தப் பக்கத்து வரிசைகளுக்குக் கண்காணிப்பாளர் கஸ்தூரி மேடம். கல்லூரியில் ஆள் பற்றவில்லை.

ஐந்து கேள்விகள் எழுத வேண்டும். முதல் இரண்டையும் பத்தரை மணி வெயில் மேஜைக்கு வருவதற்குள் முடித்தாள். இரண்டோடு நிறுத்தினால் எப்படிப் பார்த்தாலும் ஃபெயில். மூன்றாவதை எழுதினாலே பாஸாகிவிடக்கூடும். மேடம் வகுப்பில் மதிப்பெண் போடும்போது இதையெல்லாம் விளக்கமாகச் சொல்லித் தந்திருக்கிறார்.

மூன்றாவது கேள்வி: தன்னலக் கோட்பாட்டையும் பிறர்நலக் கோட்பாட்டையும் ஒப்பிட்டு ஆராய்க.

பதில் அவளுக்கு மனப்பாடம். மேடம் அதை மூன்று நாள் நடத்தியிருந்தார், இரண்டு பக்கமும் நியாயம் கொடுத்து. பேனாவை எடுத்தாள். செருப்புச் சத்தம் வந்து பக்கத்தில் நின்றது.

"ரெண்டு ஆச்சா?" மேடம் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"ஆச்சுங்க."

"போதும்மா. சும்மா எழுதற மாதிரி ஒக்காந்துரு. இன்னும் அரை மணி கழிச்சு எழுந்து போயிடலாம்."

உண்ணாமலை நிமிரவில்லை. நிமிர்ந்தால் முகம் தெரியும். முகம் தெரிந்தால் அந்தச் சொல் வந்துவிடும். அவள் கேள்வித்தாளையே பார்த்தாள். பிறகு எழுதினாள். தன்னலம் ஒரு பக்கம், பிறர்நலம் ஒரு பக்கம் என்று சமமாக எழுத நினைத்தாள். தன்னலம் இரண்டேகால் பக்கம் ஓடியது. செருப்புச் சத்தம் நகராமல் அங்கேயே நின்றிருந்தது. பின்னால் யாரோ பேனாவைக் கீழே போட்டார்கள். மேடம் குனிந்து எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி வந்து நின்றார்.

நான்காவது கேள்வி பாதியில் இருக்கும்போது விடைத்தாள் தீர்ந்துபோனது. கடைசிப் பக்கத்தின் கடைசி வரி. அடியில் கொஞ்சம்கூட இடம் இல்லை.

இனி கேட்டு வாங்கினால்தான் உண்டு. கொடுக்க வேண்டியவர் பக்கத்திலேயே நிற்கிறார். அவர் இடது கையில் வெள்ளைத் தாள்களின் கட்டும், விரலில் சுற்றிய நூலும் இருந்தன. உண்ணாமலை அந்தக் கையை மட்டும் பார்த்தாள். சாக்பீஸ் படிந்து படிந்து நகத்தோரமெல்லாம் வெளுத்துப்போன கை. இரண்டு வருடமாக நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்த்த கை. அவள் எழுந்து நின்றாள்.

"அடிஷனல் பேப்பர் வேணுங்க மேடம்."

கட்டு அசையவில்லை. அறுபது பேனாக்கள் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"உண்ணாமலை" என்றார் மேடம். "வேணாம்மா."

அவள் கையை நீட்டினாள். அதை இழுத்துக்கொள்ளாமல் அப்படியே வைத்திருந்தாள்.

வெகு நேரம் கழித்து ஒரு தாள் வந்து அதில் விழுந்தது.

உண்ணாமலை கையை எடுக்கவில்லை.

"ரெண்டா குடுங்க மேடம்" என்றாள். "அஞ்சாவது கேள்வி கொஞ்சம் பெருசுங்க."